மூன்று மளிகைச் சீட்டுகள்

இச்சிறப்பு மலரில் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் ஆராயும் கட்டுரைகள் பல இடம்பெறும். அவற்றினிடையே மளிகைக் கடைச் சீட்டைப் பற்றி ஒருவன் எழுதப் புகுந்தால் அறிஞர் பெருமக்கள் புன்னகை செய்யக்கூடும். எனினும், "வாழ்க்கை அனுபவம் ஒன்றை எழுதித் தருக" என்றுதான் மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். என் அனுபவங்களுள் இளைஞர்க்குப் பயன்படக்கூடியது இது ஒன்றே என்று தோன்றுகிறது. இது நான் நன்றாகச் செய்த காரியமும் அன்று.

சென்ற மாதம் பழைய தகரப் பெட்டி ஒன்றைத் துப்புரவு செய்தபோது 1993-ஆம் ஆண்டின் வீட்டுக் கணக்கு நோட்டு அகப்பட்டது. அதனுள் மூன்று மளிகைச் சீட்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. முதற் சீட்டின் கூட்டுத்தொகை 585 ரூபாய். இரண்டாவதன் தொகை 430 ரூபாய். மூன்றாவதன் தொகை 470 ரூபாய். நான்கு மாத இடைவெளிக்குள் எழுதப்பட்டவை. காகிதம் பழுத்துவிட்டது, மையும் மங்கிவிட்டது. ஆயினும் இரண்டாவது சீட்டில் நான் சிவப்பு மையால் அடித்த கோடுகள் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

அந்நாளில் நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் 1,350 ரூபாய். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியாகத் தமிழ் முதுகலையும் படித்து வந்தேன். வீட்டில் அம்மா, பள்ளி இறுதி வகுப்பில் படித்த தம்பி, மனைவி, நான் என நால்வர். 1993 செப்டம்பர் 30 அன்று பழைய தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. அதற்கு அடுத்த வாரம் எங்கள் மகள் பிறந்தாள். "ஜில்லா பிரிஞ்சப்போ பொறந்தவ" என்று அம்மா அவளைச் சொல்வதுண்டு. அந்த மாவட்டமும் மறுபடி பிரிந்து, 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே ஒரு மாவட்டத் தலைநகராகிவிட்டதைக் காண அம்மா இல்லை.

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். என் மனைவிக்குத் தாயார் இல்லை. ஆதலால் எல்லாம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. மகப்பேற்றுச் செலவுக்கு ஆலையில் முன்பணம் பெற்றிருந்தேன். அது மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. தம்பியின் தேர்வுக் கட்டணம், என் பாடநூல்கள், குழந்தைக்கான சிறு செலவுகள் எல்லாம் ஒருங்கே வந்து நின்றன. ஐப்பசி மாத முடிவில் ஓர் இரவு சிமினி விளக்கருகே அமர்ந்து, எதைக் குறைப்பது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். வாடகையைக் குறைக்க இயலாது. முன்பணப் பிடித்தத்தை நிறுத்த இயலாது. குறைக்கத்தக்கதாக என் கைக்கு எட்டியது மளிகைச் சீட்டு ஒன்றுதான்.

அம்மாதம் தேர்வுக்காகத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வருவாய் சிறிதானாலும் செலவு பெருகாதவரை கேடு இல்லை என்று வள்ளுவர் அங்குக் கூறும் கருத்து என்னைப் பெரிதும் கவர்ந்தது. நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்தேன். மக்கட்பேறு என்று வேறோர் அதிகாரமும் அதே நூலில் உண்டு என்பது அன்று நினைவுக்கு வரவில்லை.

அரிசி 40 கிலோவில் கை வைக்கவில்லை. சோறு குறைந்தால் வீடு குறைந்ததாகும் என்பது அம்மாவின் கொள்கை. துவரம் பருப்பு 4 கிலோ 2 கிலோவாயிற்று. நல்லெண்ணெய் பாதியாயிற்று. நிலக்கடலையும் முட்டையும் அடியோடு போயின. வெல்லம் குறைந்தது. நெய் போயிற்று. பூண்டு அரைக் கிலோவிலிருந்து 100 கிராமுக்கு வந்தது. காப்பித்தூள் மட்டும் அரைக் கிலோவாகவே நின்றது. இரவில் கண்விழித்துப் படிப்பவனுக்குக் காப்பி இன்றியமையாதது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மொத்தம் 155 ரூபாய் மிச்சம். மறுநாள் ஆலையில் உடன் பணிபுரிவோரிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

பருப்பைப் பாதியாக்கினால் நால்வருக்கும் பாதிப் பாதி குறையும் என்பது தாளில் எழுதும் கணக்கு. எங்கள் வீட்டில் தம்பியும் நானும் முதலில் உண்போம், பிறகு அம்மா, இறுதியில், குழந்தை உறங்கிய நேரம் பார்த்து, அவள். எங்கள் தட்டில் குழம்பின் கெட்டி சிறிதும் குறையவில்லை. மூன்று மாத காலத்தில் ஒரு நாளேனும் நான் அது எப்படி என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஆலையில் மூட்டைக்கு ஒரு படி குறைந்தாலும் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கும் கணக்கன் நான்!

மார்கழியில் குழந்தை இரவெல்லாம் அழத் தொடங்கினாள். "பால் பத்தல, டின் பால் குடுங்க" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். வாங்கினேன். குழந்தைப் பால்மாவு விற்பனையைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் 1992-இல் இயற்றிய சட்டம் 1993 ஆகஸ்டு மாதந்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்னும் அறிவிப்பு டின்னின் மேல் இருக்க வேண்டும். குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக் கூடாது என்பன அதன் விதிகளுள் சில. எங்கள் வீட்டுக்கு வந்த டின்னிலும் அந்த அறிவிப்பு இருந்தது. அதை நான் படிக்கவில்லை. எத்தனை கரண்டிக்கு எவ்வளவு நீர் என்னும் பகுதியை மட்டும் படித்தேன்.

டின் ஒன்று ஒரு வாரத்திற்கு வந்தது. மாதம் நான்கு டின். 200 ரூபாய்க்கு மேல். நான் பருப்பிலும் எண்ணெயிலும் மிச்சம் பிடித்த 155 ரூபாயை அது விழுங்கிவிட்டு மேலும் கேட்டது. அப்போதுதான் என் வாழ்நாளில் மறக்கவியலாத அந்தக் கணக்கைப் போட்டேன். மூன்று கரண்டி மாவு இட வேண்டிய நீரில் இரண்டு கரண்டி இட்டால், ஏழு நாள் வரும் டின் பத்து நாளைக்கு மேல் வரும். "தண்ணி கொஞ்சம் கூடினா என்ன, பால்தானே" என்று அம்மாவிடம் சொன்னேன். பால் புட்டியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கொதிக்கவைக்க மண்ணெண்ணெய் செலவாகிறது என்று, நாளைக்கு ஒரு முறை போதும் என்றும் சொன்னேன்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. அன்று மாலைக்குள் கண்கள் குழிவிழுந்து, உச்சிக்குழி உள்வாங்கி, அழக்கூடத் திராணியற்றுக் கிடந்தாள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று மாதம் கடந்த குழந்தையின் எடை 4 கிலோ 100 கிராம். அதற்கு முந்தைய மாதம் தடுப்பூசியின்போது 4 கிலோ 200 கிராம் இருந்தாள். இரண்டு இரவுகள் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைநீரைத் துளித்துளியாகப் புகட்டிக்கொண்டு அவள் அருகில் அமர்ந்திருந்தோம். இரண்டாம் இரவில் ஒரு கட்டத்தில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அதைப் பற்றி நான் மேலும் எழுத விரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குழந்தை கண்விழித்துச் சிணுங்கினாள். பணியிலிருந்த நடுவயதுச் செவிலியர் என்னிடம் வந்தார்.

"தாயார் என்ன சாப்பிடறாங்க?"

"நாங்க சாப்பிடறதுதான்."

"அத நான் கேக்கல. முந்தாநாள் இங்க வர்றதுக்கு முன்னாடி ராத்திரி என்ன சாப்பிட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவளே தலைகுனிந்தவாறு சொன்னாள்: "கஞ்சித் தண்ணியும் ஊறுகாயும்." அதற்கு முந்திய இரவும் அதுவே என்பதைச் செவிலியர் கேட்டுப் பெற்றார். எழுந்தால் தலைசுற்றுகிறது என்பதையும் அப்போதுதான் நான் கேள்விப்பட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்றும், புட்டி வந்தபின் சப்புவது குறைந்ததால் ஊறுவதும் குறைந்தது என்றும், தாய்க்கு உணவு போதாவிட்டாலும் உடம்பு தன்னிடமிருந்தே எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கப் பார்க்கும், அதில் தாய் உருகிப்போவாள் என்றும் விளக்கினார். பின்னாளில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். முதல் ஆறு மாதங்களில் ஒரு தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி லிட்டர் பால் சுரக்கிறது. அதற்காக அவள் வழக்கமாக உண்பதற்கு மேல் 600 கலோரி அளவு உணவு வேண்டும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டிலேயே மிகுதியாக உண்ண வேண்டியவளின் தட்டிலிருந்துதான் என் 155 ரூபாயும் மிச்சமாயிருந்தது.

எங்கள் மளிகைக் கடைக்காரர் வயது முதிர்ந்த இசுலாமியப் பெரியவர். ஊரார் யாவரும் அவரைப் பாய் என்றே அழைப்பர். கடனுக்குச் சரக்குக் கொடுப்பார்; கெடுபிடி செய்யமாட்டார். தை மாதச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். சரக்கு எடுத்துப் போடும் பையனிடம் கொடுக்காமல் கல்லாமேல் வைத்துவிட்டார்.

"மூணு மாசமாப் பாத்துக்கிட்டு வர்றேன் தம்பி. பிள்ளை பெத்த வீட்டுச் சீட்டிலே பூண்டு கொறையுது, காப்பித்தூள் கொறையல. அடுத்த வீட்டுச் சமாச்சாரத்திலே நான் தலையிடக் கூடாதுன்னு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன சேதி கேட்டதும் மனசு பொறுக்கல."

பிறகு தம் மறையின் அல்பகரா அத்தியாயத்திலிருந்து அவர் ஒரு செய்தி சொன்னார். தாய்மார் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டலாம் என்று கூறும் அதே இடத்தில், அக்காலத்தில் அவர்களுக்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பது குழந்தையின் தந்தைக்குக் கடமை என்றும், யாரும் தம் சக்திக்கு மேல் சிரமப்படுத்தப்பட மாட்டார் என்றும் கூறப்பட்டுள்ளதாம். "சக்திக்கு மேலே செய்யச் சொல்லல தம்பி. இருக்கிறதிலே அந்தப் பொண்ணுக்கு உள்ளதை முதல்ல எடுத்து வெச்சுட்டு, அப்புறம் கணக்குப் பாருங்க" என்றார். செய்தி மறையினுடையது, இறுதியாகச் சொன்ன உரை அவருடையது. முதுகலை வகுப்பில் நான் கேட்ட உரைகளுள் எதுவும் இவ்வளவு நேராக என்மேல் வந்து விழுந்ததில்லை.

செலவைக் குறைக்க வேறு வழியும் அவரே காட்டினார். கல்வராயன் மலையில் சாமை அறுவடை முடிந்திருந்தது. மலையிலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டுவந்து அவரிடம் விற்கும் ஒருவரோடு என்னைச் சேர்த்துவிட்டார். அண்டை வீட்டார் மூவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையைக் கடந்ததும் மலைப்பாதை ஏறத் தொடங்குகிறது. கரியாலூர் வரை பேருந்தின் சன்னல் வழியே குளிர்காற்று முகத்தில் அடித்தது. வெள்ளிமலையில் இறங்கி நெடுந்தொலைவு நடந்தோம். கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தும் அன்றுவரை அம்மலையை அடிவானத்து நீலக் கோடாகவே கண்டிருந்தேன்.

நாங்கள் சென்ற வீட்டில் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த முதியவளும் மகனும் மருமகளும் இருந்தனர். மருமகள் பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகியிருந்தது. முற்றத்து உரலில் சாமை குத்துவதை நிறுத்திவிட்டு முதியவள் எங்களுக்குக் கூழ் கொடுக்க எழுந்தாள். அதற்கு முன்னே ஒரு வட்டிலில் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் கீரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் மருமகள்முன் வைத்துவிட்டு வந்தாள். விருந்தினர் திண்ணையில் காத்திருக்க வீட்டுப் பெண் முதலில் உண்பது எனக்குப் புதுமையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தே முதியவள் புரிந்துகொண்டாள் போலும். "பச்சை உடம்புக்காரி. அவ தின்னா ரெண்டு பேரு தின்ன மாதிரி" என்றாள்.

மலைவாழ்வில் எல்லாம் நலமே என்று எழுதிவிட எனக்கு உரிமையில்லை. நோயாளியைத் தூளியில் கட்டித் தூக்கிவர வேண்டிய சிற்றூர்கள் அன்று அங்குப் பல இருந்தன. அந்த முதியவளே தன் பிள்ளைகள் இருவரைக் குழந்தைப் பருவத்தில் பறிகொடுத்தவள் என்பதைத் திரும்பும் வழியில் உடன் வந்தவர் சொன்னார். அவளிடம் நிறைய இருந்ததால் அவள் மருமகளுக்கு முதலில் கொடுக்கவில்லை.

குத்திப் புடைத்த சாமை அரிசியையும் கொள்ளையும் மூட்டையாக வாங்கி நான்கு வீட்டாரும் பங்கிட்டுக்கொண்டோம். எங்கள் ஆலை எந்திரத்தில் சாமையைத் தீட்ட முடியாது. நெல்லுக்கு அமைந்த எந்திரத்திற்கு அம்மணி மிகச் சிறியது. ஆதலால் குத்தும் கூலியையும் சேர்த்து மலையிலேயே கொடுத்தோம். அவ்வாறாயினும் அன்று சாமை அரிசியின் விலை கடை அரிசியின் விலைக்குக் கீழேதான் இருந்தது. கொள்ளில் துவரம் பருப்புக்கு ஏறத்தாழச் சமமான புரதம் இருக்கிறது. இரண்டும் நூறு கிராமுக்கு 22 கிராம் அளவு. விலையோ அன்று பாதிதான். கொள்ளு குதிரைக்கு உரியது என்று முகம் சுளித்த தம்பி, ரசத்தைச் சுவைத்தபின் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது சீட்டை என் மனைவி எழுதினாள். அரிசி 40 கிலோ 25 ஆயிற்று. இரவில் சாமைச் சோறு அல்லது நொய்க் கஞ்சி. நொய் எங்கள் ஆலையில் ஊழியருக்கு மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கிச் செல்ல அதுவரை எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. துவரம் பருப்பு 3 கிலோவுக்கு ஏறியது. பூண்டு மீண்டும் அரைக் கிலோ. நிலக்கடலையும் முட்டையும் திரும்பி வந்தன. சேமியா, அப்பளம், பொட்டலத்தில் வரும் மசாலாத் தூள்கள், தம்பிக்கும் எனக்குமான ரொட்டி பிஸ்கட் ஆகியவை போயின. மசாலாவை அம்மா அம்மியில் அரைத்தார். கொல்லையில் நின்ற முருங்கை மரத்தைக் காயின்போது மட்டுமே நாங்கள் நினைத்திருந்தோம். அதன் கீரை வாரத்தில் மூன்று நாள் அடுப்பேறியது. மலைச்சரக்கில் எங்கள் பங்குக்குக் கொடுத்ததையும் சேர்த்து 470 ரூபாய். முதற் சீட்டுக்கு இது 115 ரூபாய் குறைவு. என் சிவப்பு மைச் சீட்டைவிட 40 ரூபாய் அதிகம்.

உணவு வேளையின் வரிசையை மாற்றியவர் அம்மா. மருத்துவமனை வராந்தாவிலிருந்து திரும்பிய நாள்முதல், மருமகள் தட்டில் சோறு விழாமல் எங்கள் இருவர் தட்டிலும் விழாது என்று விதித்துவிட்டார். முதல் நாள் அவள் கூச்சத்தால் அழுதேவிட்டாள். தம்பியும் நானும் அடுக்களை வாயிலில் காத்து நின்றோம்.

டின் உடனே நிற்கவில்லை. செவிலியர் சொன்னபடி புட்டியை எறிந்துவிட்டுப் பாலாடையால் புகட்டினோம். ஒவ்வொரு முறையும் முதலில் தாயிடம் சப்பவிட்டபின்பே அது. நாளடைவில் பாலாடைப் பால் குறைந்து, மூன்று வாரத்தில் அறவே நின்றது. மாசிக் கடைசியில் குழந்தையின் எடை 5 கிலோ 300 கிராம். கணக்கு நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி அம்மா மஞ்சள் தடவி வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அவ்வெண்ணை எப்படி அடையாளம் கண்டாரோ!

அம்மகளுக்குச் சென்ற ஆண்டு மகன் பிறந்தான். காலம் பெரிதும் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கொடுக்கிறார்கள். ஏழைத் தாய்மார்க்கு 1987-இல் 300 ரூபாய் உதவியாகத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் மதிப்புடையதாகியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் சாமைக்கு மவுசு ஏறிவிட்டது. அன்று நான் செலவைக் குறைக்க வாங்கிய சாமை இன்று நகரத்துக் கடைகளில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறது.

குழந்தை பிறந்த மாதம், மருமகன் கைப்பேசியில் மளிகைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, இந்த மாசம் செலவு எகிறிடுச்சு, எதையாவது குறைக்கணும்" என்றார். நல்ல பிள்ளை, நான் அன்று இருந்ததைவிட நல்லவர். நான் ஏதும் சொல்லாமல் மூன்று சீட்டுகளையும் எடுத்து அவர்முன் வைத்தேன். மகள் எட்டிப் பார்த்து மூன்றாவதைக் கையில் எடுத்தாள்.

"இதிலே காப்பித்தூளை மட்டும் சிவப்பு மையிலே அடிச்சிருக்கே. யாரு அடிச்சது?"

"நான்தான்."

அவள் சீட்டைத் திருப்பினாள். பின்பக்கத்து மூலையில், இத்தனை ஆண்டுகளாக நான் காணாத பென்சில் எழுத்தில், அவள் அம்மாவின் கையெழுத்து இருந்தது: "காப்பித்தூள் 100 கிராம். அவங்களுக்கு. பரீட்சை முடியற வரைக்கும்."